ஒட்டிய கை

புதுச்சேரி உழவர்கரையில் பிளெக்ஸ் அச்சுக்கடை நடத்திவரும் கார்குழலிக்கு, எதிரே வந்து நிற்பவரின் கைகளைப் பார்த்த பிறகே முகத்தைப் பார்க்கும் வழக்கம் உண்டு. நாற்பத்திரண்டு வயது. காலை எட்டரை மணிக்குக் கடையைத் திறந்தவுடன் அச்சு எந்திரத்தின் மூடியைத் துடைப்பாள். பிறகு சர்க்கரை குறைத்த தேநீரைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை படரும்வரையில் வேலை பார்ப்பாள். ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சூடா குடிக்கிறதுக்கு நேரம் இருக்கறவங்க குடிக்கட்டும்" என்பாள்.

அவளுடைய கணினியில் 'கை' என்று பெயரிட்ட ஃபோல்டர் ஒன்று இருந்தது. அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட கைகள் இருந்தன. கலியாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என்று எதற்குப் பேனர் அடிக்க வருபவரும் கொண்டுவருவது பெரும்பாலும் தோளோடு முடிந்துபோன ஒரு படமாகவே இருக்கும். கையிருந்தாலும் அது சோற்றுத் தட்டையோ செல்போனையோ பிடித்துக்கொண்டிருக்கும். பத்தடிப் பேனரில் நிற்கும் மனிதனுக்குக் கை ஏதாவது சொல்ல வேண்டும். ஆதலின் ஒருவருடைய படத்தில் நன்றாக அமைந்த கையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மற்றொருவருக்கு ஒட்டிவிடுவாள். நிறம் சேர்ப்பதிலும் மணிக்கட்டைச் சட்டைக்குள் மறைப்பதிலும் அவளுக்கு நிகர் அவ்வட்டாரத்தில் இல்லை. 'கை' குழலி என்றே அவளை அழைத்தார்கள்.

கைகளைக் குறித்து அவளுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. பெருவிரலை உயர்த்துகிறவன் தனக்கு வந்த நன்மையைச் சொல்வதில்லை, பார்ப்பவனுக்குத் தைரியம் சொல்கிறான் என்பாள். மீசையை முறுக்குகிறவன் வென்ற பொருளை விட்டுவிட்டுத் தோற்ற ஆளையே நினைத்துக்கொண்டிருக்கிறானாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் ஒன்றும் கை வேறொன்றும் சொல்லக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் விதி.

"அக்கா, மாப்ளைக்குக் கெத்தா ஒரு கை வையுங்க" என்று ஒருமுறை நான்கு நண்பர்கள் வந்து நின்றார்கள்.

"மாப்ள மூஞ்சியப் பாருங்கடா. பல்லு வலிக்காரன் மாதிரி இருக்கான். இவனுக்குக் கெத்துக் கை வச்சா, கை வேற ஆளுதுன்னு பச்சப் புள்ள கூட சொல்லிடும்."

"அப்ப இன்னாதான்கா வைக்கறது?"

"ஒரு கைய நெஞ்சு மேல வைக்கிறேன். வந்தவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி இருக்கும். பல்லு வலியும் பணிவு மாதிரி தெரியும்."

சொன்னவாறே அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேனரைக் கழற்றிப் பத்திரமாகச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அவளுடைய மாமனார் சுப்ரமணி காலமானார். எழுபத்து நான்கு வயது, நெஞ்சுச் சளி. உப்பளம் பகுதியில் இருந்த வீட்டில் அவரும் மனைவி கொளஞ்சியும், இளைய மகன் செல்வகுமாரும் அவன் மனைவி கார்குழலியும் ஒன்றாக இருந்தார்கள். மூத்த மகன் ஹரிகிருஷ்ணன் அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவர். அடுத்த தெருவில் சொந்த வீடு.

சுப்ரமணி முப்பத்தொரு வருடம் பஞ்சாலையில் உழைத்தவர். பஞ்சு வாரும் எந்திரம் அவருடைய வலக்கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் அடியோடு எடுத்துக்கொண்டது. எஞ்சிய மூன்று விரல்களைக் கொண்டு ஆலை மூடும்வரையில் அதே எந்திரத்தில் வேலை பார்த்தார். வீட்டில் ஏதேனும் நல்லது நடந்தால் அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, மணிக்கட்டை இரண்டு முறை சுழற்றுவார். ஹரிகிருஷ்ணனுக்கு வேலை உத்தரவு வந்த அன்று சுழற்றினார். கெட்டுக் கிடந்த தண்ணீர் மோட்டார் ஓடியபோதும் அப்படியே சுழற்றினார். பெரிய நன்மைக்கும் சிறிய நன்மைக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரே கை.

பதினாறாம் நாள் கருமகாரியம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பேனர் வைக்க வேண்டும். படம் தேடினார்கள். ரேஷன் அட்டைக்காக எடுத்த படத்தில் அவர் யாரோ பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியவரைப் போல் இருந்தார். நல்ல படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆறு வருடத்துக்கு முன் கார்குழலி கடை திறந்த அன்று, அச்சு எந்திரம் முதன்முதலாக ஓடியபோது, அவளே தன் செல்போனில் எடுத்தது. வலக்கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாதது தெரிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை ஹரிகிருஷ்ணன் கடைக்கே வந்துவிட்டார்.

"குழலி, இதுவா? வேற இல்லியா?"

"இது ஒண்ணுதான் மாமா இருக்கு."

"எங்க ஆபீஸ்லேர்ந்து நாப்பது பேரு வராங்க. கண்ணீர் அஞ்சலின்னு மேல போட்டுட்டு, கீழ அப்பா கையத் தூக்கிக்கினு சிரிச்சிக்கினு நின்னாருன்னா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? லாட்டரி அடிச்சவரு மாதிரி இருக்காரு."

"சிரிப்பு நல்லாதான் இருக்கு மாமா."

"நல்லாதான் இருக்கு. எழவுக்கு நல்லா இல்ல. சிரிப்பக் கொஞ்சம் கொறைச்சிட்டுக் கை கும்புடற மாதிரி வச்சிடு. உனுக்குத் தெரியாததா?"

அச்சுத்தாளை உருளையில் மாட்டிக்கொண்டிருந்த செல்வகுமார் திரும்பி, "அண்ணன் சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்றான்.

"நான்தான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் கார்குழலி.

"நீ சொல்லாததும் சரிதான்."

அன்று மழையினால் மின்சாரம் போய்ப் போய் வந்தது. வேறு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஆறாயிரம் பேனர் அடித்தவளுக்கு இஃதொரு பெரிய காரியமன்று. உயர்ந்த கையைத் தோள்வரையில் அழித்தாள். ஃபோல்டரைத் திறந்து, வயதுக்கும் நிறத்துக்கும் பொருந்திய கும்பிடும் கைகளை எடுத்து நெஞ்சுக்கு நேரே வைத்தாள். கைகள் கும்பிட்ட பின்னர் சிரிப்பு பொருந்தவில்லை. படத்தில் அவருடைய உதடுகளைச் சேர்த்து வாயை மூடினாள். இருபது நிமிடத்தில் அடக்கமும் கௌரவமும் உடைய ஒரு பெரியவர் திரையில் நின்றார். பத்து விரல்களும் நிறைவாக இருந்தன. அது அவளுடைய கண்ணில் படவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல், மழை சற்றே ஓய்ந்த நேரத்தில், செல்வகுமார் தெருமுனையில் சவுக்குக் கட்டைகளை நட்டுப் பேனரைக் கட்டினான். ஹரிகிருஷ்ணன் கீழே நின்று பார்த்துக் கண் கலங்கினார். "இதுதான் மரியாதை" என்றார். கணவனை இழந்தவள் பதினாறு நாள் முடியும்வரையில் வாசற்படி தாண்டுவதில்லை என்பது அத்தெருவின் வழக்கமாதலால், கொளஞ்சி மட்டும் அதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணியளவில், குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். அரியாங்குப்பத்தைச் சேர்ந்த அம்மாவாசை. சுப்ரமணியோடு ஒரே பிரிவில், பக்கத்து எந்திரத்தில் வேலை பார்த்தவர். ஆயினும் இருவரும் பேசிக்கொண்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கொளஞ்சி கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை ஆதலால் பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக்கீரைக் குழம்பும் சோறும் வந்திருந்தன. கார்குழலி கடைக்குப் போகாமல் அவற்றைப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா" என்றாள் கொளஞ்சி. "உனுக்கு இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

"கண்ணு ஆபரேசன் தங்கச்சி. பத்து நாளுதான் ஆவுது. நேத்துதான் வெளிய போலாம்னு சொன்னாங்க." அம்மாவாசை உட்காரவில்லை. குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தம் இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பார்த்தார். "பொறை எடுத்துட்டு வந்ததும் உலகமே பளிச்சுன்னு தெரியுது. பஸ்ஸ உட்டு எறங்கனேன். தெருமொனைல உன் புருசன் பேனரு. நிமுந்து பாத்தேன். தங்கச்சி, அவன் என் கையால கும்புடறான்."

"இன்னாண்ணா ஒளர்ற?"

"ஒளறல. இது என் கை." கைகளைக் கூப்பிக் காட்டினார். இடக்கையின் சுண்டுவிரல் நுனி வெளிப்புறமாக வளைந்திருந்தது. "சின்ன வயசுல சடுகுடு ஆடி ஒடைச்சிக்கினது. எங்க போனாலும் எனுக்குத் தெரியும். ரெண்டு வருசம் முன்னால எம் பேரன் காதுகுத்துக்கு உம் மருமவதான் பேனரு அடிச்சிக் குடுத்தா. அதுல இதே கும்புடு. ஏம்மா குழலி, மோதிரத்த அழிச்சிட்ட, கோண வெரல உட்டுட்டியே?"

கார்குழலியின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அரியாங்குப்பத்துக் காதுகுத்து, செம்பு மோதிரம், அதை அழிக்கச் செலவழித்த ஐந்து நிமிடம் எல்லாமே நினைவுக்கு வந்தன.

"எங்க, காட்டு" என்றாள் கொளஞ்சி.

கார்குழலி செல்போனில் பேனரின் படத்தை எடுத்து மாமியாரிடம் கொடுத்தாள். கொளஞ்சி அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு அந்த வீட்டில் பதினான்கு நாளாக எவரும் கேளாத ஓர் ஓசை கேட்டது. கொளஞ்சி சிரித்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை.

"பத்து வெரலு! செத்தப்புறம் மொளைச்சிடுச்சா? இந்த ஆளு யாரு குழலி? கோயில் தர்மகர்த்தா மாதிரி இருக்காரே. வாய வேற மூடிட்ட. அந்த மனுசன் தூங்கும்போது கூட வாய மூடினது இல்ல."

"அத்த, பெரிய மாமாதான்..."

"அவன் சொல்லுவான். அம்பது வருசம் குடும்பம் பண்ணேன். சாமிகிட்ட கூட அவரு ரெண்டு கையும் சேத்துக் கும்புட்டது இல்ல. கேட்டா, கும்புட்டா கொறையறது தெரியும், தூக்கினா இருக்கறது தெரியும்பாரு." சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கறது மூணு. அதையும் நீ தூக்கக் கூடாதுன்னுட்ட."

அம்மாவாசை அப்போதுதான் உட்கார்ந்தார். கார்குழலி கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"அவரு கையத் தூக்கிச் சுத்துவாரே, அது இன்னா மாமா?" என்று அவரிடம் கேட்டாள் கார்குழலி. "ஊட்டுல எல்லாரும் பாத்திருக்கோம். சந்தோசம்னு தெரியும். எங்க கத்துக்கினாருன்னு தெரியாது."

"மில்லுல. உள்ள இருக்கற சத்தத்துல காதுகிட்ட வந்து கத்தினாலும் கேக்காது. எல்லாம் கைதான். தண்ணி வேணும்னா ஒரு கை, மேஸ்திரி வரான்னா ஒரு கை. மிஷினு நின்னுபோயி, ரிப்பேரு பாத்து, மறுபடி கெளம்புச்சுன்னா தலைக்கு மேல கையத் தூக்கி இப்டி சுத்தணும். ஓடுதுன்னு அர்த்தம். ஒருத்தன் தூக்கினா பக்கத்து மிஷின்காரன் தூக்குவான், அப்டியே கடைசி வரைக்கும் போவும். எங்களுக்கு இத உட்டா வேற திருவிழா இல்ல."

"நீங்களும் தூக்குவீங்களா?"

அம்மாவாசை செம்பைக் கீழே வைத்தார். கொளஞ்சி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லுண்ணா. இருவத்தஞ்சு வருசம் ஆவுது. செரிச்சிப் போயிருக்கும்" என்றாள்.

"எங்க செரிக்கிது?" என்றார் அவர். "பெரிய ஸ்ட்ரைக்கு நடந்துது இல்ல, அது முடியறதுக்குப் பன்னண்டு நாள் முன்னாடியே நான் வேலைக்கு உள்ள போயிட்டேன். எனுக்கு அப்ப வேற வழி தெரியல. ஸ்ட்ரைக்கு முடிஞ்சி எல்லாரும் வந்தாங்க. இவன் மிஷினு ஓடுச்சு. கையத் தூக்கினான். பக்கத்துல நான். பழக்கம், நானும் தூக்கிட்டேன். என்னப் பாத்தான். பாத்துட்டுக் கைய எறக்கிட்டான். சுத்தவே இல்ல. அதோட சரி." கீழே பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "அவன் கைய எறக்கி அந்த ஒருவாட்டிதான் பாத்திருக்கேன். என்னாலதான் எறங்குச்சு. இன்னிக்கு நிமுந்து பாத்தா, மறுபடியும் எறக்கி வச்சிருக்கு. அதுலயும் என் கைய வச்சி."

கொளஞ்சி எழுந்தாள். "சாப்புட்டுப் போண்ணா. கீரக் கொழம்புதான். கோண வெரலாலயும் சாப்புடலாம்."

அம்மாவாசை சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது கார்குழலியிடம், "ஞாயித்துக்கெழம வருவேன். அது அங்கியே இருந்துச்சுன்னா நான் குனிஞ்சிக்கினே வந்துட்டுப் போயிடறேன். நீ மனசுல வச்சிக்காத" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அன்று பிற்பகல் முழுதும் கார்குழலி கூடத்தில் உட்கார்ந்து பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் எந்திரம் ஓடாமல் அடம்பிடித்ததும், மெக்கானிக் மூன்று மணி நேரம் போராடியதும், தான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றதும், கடைசியில் உருளை நகர்ந்து அச்சு விழுந்ததும் நினைவுக்கு வந்தன. அவர் கையைத் தூக்கியது அப்போதுதான். கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டு அவள் படம் எடுத்திருந்தாள்.

தொழில் ரீதியாகவும் யோசித்தாள். கண்ணீர் அஞ்சலியில் உயர்ந்த கையை இதுவரையில் புதுச்சேரியில் யாரும் வைத்ததில்லை. வைத்தால் வாடிக்கையாளர் சிரிக்கலாம். கட்டிய பேனரை மாற்றினால், 'கை' குழலிக்கு மாமனார் கையே தெரியவில்லை என்றும் பேசலாம். வைப்பதானாலும் அதிக நேரமில்லை. இந்த ஈரத்தில் மை காய ஒரு முழுப் பகல் வேண்டும். சனிக்கிழமை காலையில் அச்சடித்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.

ஐந்தரை மணிக்கு ஹரிகிருஷ்ணன் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். செல்வகுமாரும் கடையை மூடிவிட்டு வந்திருந்தான். கொளஞ்சி நடந்ததைச் சொன்னாள். அம்மாவாசையின் விரலை நடித்தும் காட்டினாள். ஹரிகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெரலுதானம்மா? நேராக்கிடலாம். குழலி, அந்த வெரல மட்டும் சரி பண்ண முடியாதா?"

"முடியும் மாமா."

"அப்பறம் இன்னா?"

"வெரல நேராக்கினா அது அம்மாவாசை மாமா கையும் இல்ல, நம்ம மாமா கையும் இல்ல. யாரு கைன்னு சொல்றது?"

"கை எதுக்கும்மா சொல்லணும்? பாக்கறதுக்கு மரியாதையா இருந்தா போதும்." அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "உங்களுக்குத் தெரியாது. ஸ்கூல்ல எங்கப்பா மில்லுக் கூலின்னு சொல்ல மாட்டேன், மில்லுல வேலைன்னு சொல்லுவேன். ஒரு வாட்டி பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தாரு. நான் பஸ்ட்டு வந்திருக்கேன்னு டீச்சர் சொன்னதும் எல்லார் முன்னாடியும் கையத் தூக்கிச் சுத்தினாரு. பசங்க ஒரு மாசம் என்னப் பாக்கறப்பல்லாம் மூணு வெரலக் காட்டினானுங்க. நாளான்னிக்கி என்கூட வேல செய்யறவங்க வராங்க. ஒரு நாளாவது அவரு நாலு பேரு மாதிரி நிக்கட்டும்னு பாக்கறேன். தப்பா?"

"தப்பு இல்லடா" என்றாள் கொளஞ்சி. "பஸ்ட்டு வந்தது நீ. அதுக்கு அவரு இன்னா பண்ணியிருக்கணும்? டீச்சரக் கும்புட்டுட்டு வந்திருக்கணுமா?"

ஹரிகிருஷ்ணன் தாயைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? பையன் ஓடறான்டி, இனிமே நிக்க மாட்டான்னாரு. எனுக்கு அப்ப புரியல. பந்தயத்துல ஓடினியோன்னு நெனச்சிக்கினேன்."

செல்வகுமார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கடப் பேரு போவும் குழலி" என்றார் ஹரிகிருஷ்ணன். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. "சாவு பேனர்ல சிரிக்கிற ஆளப் போட்டான்னு பேசுவாங்க. உங்கிட்ட எவனும் வர மாட்டான்."

"வருவாங்க மாமா. வராம எங்க போவாங்க?" என்றாள் கார்குழலி.

"நீங்க இன்னாங்க சொல்றீங்க?" என்று கணவனிடம் திரும்பினாள்.

"அண்ணன் சொல்றதும்..." என்று தொடங்கிய செல்வகுமார், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "கட்டறது நான்தான? எதக் குடுத்தாலும் கட்டறேன். ஆனா பழச எறக்கறதுன்னா எனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லிடு."

ஹரிகிருஷ்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"எங்கப்பாவுக்கு மூணு வெரலு, இது அவரு கைன்னு சொல்லுங்க மாமா" என்றாள் கார்குழலி. அவளுடைய குரல் உயரவில்லை. "நாளைக்குக் காலையில கட தெறந்ததும் போட்டோவுல இருக்கற மாதிரியே அடிக்கிறேன். கையும் சிரிப்பும் அவருதாவே இருக்கும். ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள அத எறக்கிட்டு இதக் கட்டிடுவோம்."